பேஸ் கிட்டாரும் கம்ப்ரஸர் பெடலும்: வாசகர் கேள்வி – பதில்

மலைப்பகுதி வாசகர்கள் கம்ப்ரஸர் பெடல் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்காகத் தொகுத்திருக்கிறோம். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கோத்தகிரி வாசகர்: ஹட்டி (படகர் ஊர்) விசேஷங்களில் வாசிக்கும் சின்ன மெல்லிசைக் குழு எங்களுடையது. நான்கு நாப் உள்ள கம்ப்ரஸர் பெடல் ஒன்று வாங்கினேன்: லெவல், டோன், அட்டாக், சஸ்டெய்ன். வீட்டில் வாசித்தால் பிரமாதம். மேடையில் ரிதம் பேடும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் காணாமல் போகிறது. பெடலை ஆஃப் செய்தால் திரும்ப வந்துவிடுகிறது. பெடல் பழுதா?

பெடல் நன்றாகவே இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து வைத்த செட்டிங்கை அப்படியே மேடைக்குக் கொண்டுபோனதுதான் சிக்கல். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே சங்கதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கம்ப்ரஸரின் வேலை சத்தத்தைக் குறைப்பது. த்ரெஷோல்ட் என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி வரும் ஒலியை மட்டும் அது அழுத்துகிறது. எவ்வளவு அழுத்தும் என்பது ரேஷியோ. எல்லை –20 டெசிபல், ரேஷியோ 4:1 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஓங்கி அடித்த நோட் –12-இல் வருகிறது, அதாவது எல்லைக்கு மேல் 8 டெசிபல். அந்த எட்டில் நாலில் ஒரு பங்கு, 2 டெசிபல்தான், வெளியே விடப்படும். நோட் –18-இல் வெளிவரும். 6 டெசிபல் போய்விட்டது. அதை ஈடுகட்டத்தான் லெவல் நாப். 6 டெசிபல் ஏற்றியதும் ஓங்கிய நோட் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் எல்லைக்குக் கீழே –30-இல் தேய்ந்துகொண்டிருந்த நோட்டின் வால் பகுதியும் கூடவே ஏறி –24-க்கு வந்துவிடும். சஸ்டெய்ன் கூடியதாகக் காதுக்குத் தோன்றுவது இதுதான். உங்கள் பெடலில் சஸ்டெய்ன் என்று எழுதியிருக்கும் நாப், அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு ஒலி போக வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

வீட்டில் சஸ்டெய்னை முக்கால் வட்டம் திருகி, லெவலையும் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பீர்கள். இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது 1 டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது 'நல்ல டோன்' என்றே எடுத்துக்கொள்ளும். வால் பகுதி நீண்டு, எல்லா நோட்டும் பருமனாகக் கேட்கும். மேடையில் நிலைமை வேறு. 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தை ரிதம் பேடின் கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) கீபோர்டுக்காரரின் இடது கையும் பிடித்துக்கொள்கின்றன. கூட்டத்தில் பேஸ் தனியாகத் தெரிவது, விரல் கம்பியை விடும் அந்த முதல் 20, 30 மில்லிசெகண்டில் வரும் தட்டலால்தான். 700 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை அதன் கூர்மை இருக்கிறது. அட்டாக் என்பது ஒலி எல்லையைத் தாண்டியதும் கம்ப்ரஸர் அழுத்த எடுத்துக்கொள்ளும் நேரம். அது வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் முதலில் நசுக்குவது அந்தத் தட்டலைத்தான். தட்டல் போய் வால் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வாலைத்தான் கிக் மூடிவிடுகிறது.

குழுவோடு பிராக்டிஸ் செய்யும்போது இப்படி வையுங்கள். சஸ்டெய்னை முழுக்கக் குறைத்து, டோனை நடுவில் வைத்து, பெடல் ஆன், ஆஃப் இரண்டிலும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி லெவலைச் சரிசெய்யுங்கள். அடுத்து அட்டாக் நாப் எந்தப் பக்கம் மெதுவாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெடலுக்குப் பெடல் இது மாறும். பாஸ் சிஎஸ்-3 பெடலில் வலப்பக்கம் திருகினால் தட்டல் கூடும். ஸ்டுடியோக்களில் புகழ்பெற்ற 1176 கம்ப்ரஸரிலோ வலப்பக்கம் திருகினால் அட்டாக் வேகமாகித் தட்டல் குறையும். அதனால் எழுத்தை நம்ப வேண்டாம். சஸ்டெய்னைத் தற்காலிகமாக முழுக்க ஏற்றி, ஏ கம்பியை ஒரே விசையில் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே அட்டாக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருகுங்கள். 'டக்' என்ற தட்டல் தெளிவாகத் தெரியும் பக்கம்தான் மெதுவான பக்கம். அந்தக் கோடியிலிருந்து கால் பங்கு மட்டும் உள்ளே வாருங்கள்.

பிறகு சஸ்டெய்னைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், மெல்ல ஏற்றுங்கள். சாதாரண விசையில் அடித்த நோட் மாறாமலும், ஓங்கி அடித்த நோட் மட்டும் கொஞ்சம் அடங்கியும் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான பெடல்களில் அது பாதி வட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். கடைசியில் லெவலை மறுபடி சமப்படுத்துங்கள். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆன், ஆஃப் இரண்டும் சமமான சத்தத்தில் இல்லாமல் கம்ப்ரஸரைப் பற்றி எந்த முடிவும் எடுக்க முடியாது.

உங்கள் பாட்டுகள் பெரும்பாலும் 6/8 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளத்தில் முதல் அடியும் நான்காவது அடியும் ஓங்கியும் மற்றவை தாழ்ந்தும் இருந்தால்தான் ஆடுகிறவர் காலுக்குப் பிடி கிடைக்கும். ஆறையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் சோர்ந்துவிடும். கம்ப்ரஸர் போட்ட பிறகும் அந்த ஏற்ற இறக்கம் கேட்கிறதா என்று குழுவில் வேறொருவரைத் தள்ளி நின்று கேட்கச் சொல்லுங்கள்.

குன்னூர் வாசகர்: என் பெடலில் த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ், லெவல் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. குறைப்பைக் காட்டும் விளக்குகளும் உண்டு. தொடங்குவதற்கு எண்களாகவே சொல்ல முடியுமா?

விரலால் வாசிப்பதற்கு ரேஷியோ 4:1, அட்டாக் 20 முதல் 30 மில்லிசெகண்டு, ரிலீஸ் (ஒலி எல்லைக்குக் கீழே இறங்கியதும் அழுத்தத்தை விட எடுக்கும் நேரம்) 150 முதல் 200 மில்லிசெகண்டு. ஓங்கி அடித்த நோட்டுக்கு விளக்கு 4 முதல் 6 டெசிபல் குறைப்பைக் காட்டும் வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். மென்மையாக அடிக்கும் நோட்டுக்கு விளக்கு எரியவே கூடாது. எல்லா நோட்டுக்கும் விடாமல் எரிந்தால் த்ரெஷோல்ட் மிகவும் கீழே போய்விட்டது என்று பொருள்.

பிக் வைத்து வாசித்தால் 3:1 போதும், அட்டாக்கை 10 முதல் 15 வரை கொண்டுவரலாம், ஏனென்றால் பிக்கின் தட்டல் ஏற்கெனவே கூர்மையானது. ஸ்லாப்புக்கு 6:1 அல்லது 8:1, அட்டாக் 5 முதல் 10, ரிலீஸ் 100 அளவில். கட்டைவிரல் அடியும், கம்பியை இழுத்துவிடும் 'பாப்'பும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகாமல் இருக்க வேண்டும் என்பதே அங்கே குறி. கம்பியை இழுக்கும்போது 8, 10 டெசிபல் குறைப்பு காட்டினாலும் தவறில்லை.

ரிலீஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. மிகத் தடித்த ஈ கம்பியைத் திறந்து, அதாவது விரலால் எங்கும் அழுத்தாமல், அடித்தால் 41.2 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு அலை முடிய 24 மில்லிசெகண்டு ஆகிறது. ஐந்து கம்பி பேஸில் கீழ் பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 32 மில்லிசெகண்டு. அட்டாக்கும் ரிலீஸும் அந்த நேரத்துக்கு அருகே வந்துவிட்டால், கம்ப்ரஸர் நோட்டின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு அலையின் மேட்டையும் பள்ளத்தையும் பின்தொடரத் தொடங்கும். ஈ கம்பியில் மட்டும் கரகரப்பு, மெல்லிய ஜி கம்பி சுத்தமாக இருக்கிறது என்றால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கும் முன் ரிலீஸை 100-க்கு மேல் ஏற்றிப் பாருங்கள்.

மறுபக்கம், ரிலீஸ் அதிகமானால் ஒரு ஓங்கிய நோட்டுக்குப் பின் வரும் இரண்டு மூன்று நோட்டுகள் அமுங்கிக் கிடக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு அடி 500 மில்லிசெகண்டு, அரை அடி 250. நீங்கள் அரையடி நோட்டுகளாக வாசிக்கிறீர்கள் என்றால் ரிலீஸ் அந்த 250-க்குள் முடிந்தாக வேண்டும். விளக்கைப் பார்த்தாலே தெரியும்: அடுத்த நோட் விழும் முன் அது அணைந்திருக்க வேண்டும், அல்லது கடைசி விளக்குக்காவது இறங்கியிருக்க வேண்டும்.

1176 வழியில் செய்யப்பட்ட பெடல் என்றால் மேலே சொன்ன அட்டாக் எண்கள் பொருந்தாது. அந்தக் கருவியில் மிக மெதுவான அட்டாக்கே 1 மில்லிசெகண்டுக்குள்தான். அங்கே தட்டலைக் காப்பாற்ற அட்டாக்கை மெதுவான கோடியில் வைத்து, குறைப்பை 3 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேத்தி, பதினோராம் வகுப்பு மாணவர்: அண்ணா, ட்யூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ், ஆட்டோ-வா எல்லாம் பள்ளி பேண்டில் இருக்கின்றன. எதற்குப் பின் எதை வைப்பது?

தம்பி, ஆட்டோ-வா 'வா' என்று வாய் திறந்து மூடுவதுபோல டோனை மாற்றும் பெடல்; நீ எவ்வளவு ஓங்கி அடிக்கிறாய் என்பதைப் பார்த்துத்தான் அது திறந்து மூடும். அதற்கு முன்னால் கம்ப்ரஸர் இருந்தால் எல்லா நோட்டும் ஒரே உயரத்தில் வந்து, அதன் வாய் அசையவே அசையாது. அதனால் ட்யூனர், ஆட்டோ-வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ் என்று வை. ஆட்டோ-வா திடீரென எழுப்பும் கூர்மையான உச்சிகளையும் பின்னால் வரும் கம்ப்ரஸர் அடக்கிவிடும்.

ஓவர்டிரைவுக்குப் பின்னால் கம்ப்ரஸர் வைப்பவர்களும் உண்டு. ஆனால் ஓவர்டிரைவ் தானே அலையின் மேல் பகுதியை வெட்டி ஒலியைச் சமப்படுத்திவிடுகிறது. அதன்மேல் இன்னொரு முறை அழுத்தினால் கிடைப்பது இரைச்சல்தான். ஆக்டேவ் பெடல் (நோட்டோடு ஒரு ஸ்தாயி தள்ளிய நோட்டையும் சேர்த்துத் தருவது) பின்னாளில் வாங்கினால் கம்ப்ரஸருக்கு அடுத்து வைத்துப் பார். நோட் சீராக வருவதால் அது சுருதியைக் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும்.

ஊட்டி வாசகர்: கடையில் கிட்டார் கம்ப்ரஸர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பேஸுக்கு என்றே தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

கிட்டார் பெடல் பேஸுக்குக் கெடுதல் செய்யாது. எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் போல அவுட்புட், சென்சிடிவிட்டி என்று இரண்டே நாப் உள்ள கிட்டார் பெடலை பேஸில் போட்டு வாசிப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து வாங்க வேண்டும். பேஸின் ஈ கம்பியில் ஆற்றல் மிக அதிகம். கம்ப்ரஸரின் அளவிடும் பகுதி அதைப் பார்த்ததும் மொத்த ஒலியையும் இழுத்துக் கீழே தள்ளும். தட்டலும் கம்பியின் பளபளப்பும் சேர்ந்தே அமுங்கும். ஜி கம்பியில் ஏறி வாசிக்கும்போது அழுத்தமே இருக்காது.

பேஸுக்கென்று செய்த பெடல்கள் இதை மூன்று வழியில் சமாளிக்கின்றன. சிலவற்றில் அளவிடும் பகுதிக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருந்து, கீழ் ஒலிக்கு அது சட்டென்று பதறாமல் பார்த்துக்கொள்கிறது. பாஸ் பிசி-1எக்ஸ், டிசி எலக்ட்ரானிக் ஸ்பெக்ட்ராகாம்ப் போன்றவை ஒலியைக் கீழ், மேல் எனப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக அழுத்துகின்றன. ஸ்பெக்ட்ராகாம்பில் ஒரே ஒரு நாப்தான் என்பதால் புதிதாகத் தொடங்குபவருக்குத் தலைவலி குறைவு. மூன்றாவது வழி பிளெண்ட்: அழுத்தாத ஒலியையும் அழுத்திய ஒலியையும் கலப்பது. எங்களைக் கேட்டால் பேஸுக்கு மிகவும் பயன்படும் நாப் பிளெண்ட்தான். 30, 40 சதவீதம் அழுத்தாத ஒலியை விட்டு வைத்தால், அழுத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் தட்டல் சாகாது.

கடையில் உங்கள் பேஸையே எடுத்துப்போய்ச் சோதியுங்கள். பெடலை ஆன் செய்து, சத்தத்தைச் சமப்படுத்தி, ஈ கம்பியைத் திறந்து ஓங்கி அடியுங்கள். உடனே ஜி கம்பியின் 12-ஆம் ஃபிரெட்டை அடியுங்கள். ஈ அடித்ததும் ஜி ஒரு கணம் அமுங்கி எழுந்தால், அந்தப் பெடல் உங்கள் வாசிப்புக்கு ஒத்துவராது. ஆன், ஆஃப் செய்யும்போது ஈ கம்பியின் அடிக்கனம் குறைகிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள். பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் இன்னொன்று: அதன் அவுட்புட் அதிகம் என்பதால் பெடல் எப்போதும் கூடுதலாக அழுத்தும். த்ரெஷோல்ட் நாப் இல்லாத பெடலில் பேஸின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

கூடலூர் வாசகர்: கம்ப்ரஸரை ஆன் செய்தால் 'ஹ்ம்ம்' என்ற இரைச்சல் ஏறுகிறது. மழைக்காலத்தில் நாப்பைத் திருகினாலே கரமுர சத்தம். என்ன செய்வது?

இவை இரண்டும் தனித்தனி நோய்கள்.

ஹம் பெடலில் பிறப்பது அரிது. முன்னால் எங்கோ இருந்த ஹம்மை அது தூக்கிக் காட்டுகிறது. நீங்கள் வாசிக்காமல் நிற்கும்போது கம்ப்ரஸர் எதையும் அழுத்துவதில்லை, ஆனால் ஈடுகட்ட ஏற்றிய 6 டெசிபல் அப்படியே இருக்கிறது. ஆகவே ஹம்மும் 6 டெசிபல் ஏறும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் 3-ஆம் ஃபிரெட்டில் உள்ள ஜி நோட் 49 ஹெர்ட்ஸ். ஹம்மின் இரண்டாம் மடங்கு 100. திறந்த ஜி கம்பி 98. அதாவது ஹம் வாழும் இடமும் நம் நோட்டுகள் வாழும் இடமும் ஒன்றே. ஈக்வலைசரில் வெட்டி எறிந்தால் நோட்டும் கூடவே போகும். மூலத்தைத்தான் தேட வேண்டும்.

பேஸின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். ஹம் நின்றால் அது பிக்கப்பிலிருந்து, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளிலிருந்து, வருகிறது. ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு சிங்கிள்-காயில் பிக்கப்புகள் உள்ளன. இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஹம்மை மற்றது அழித்துவிடும், ஒன்றைக் குறைத்தால் ஹம் எழும். பிரெசிஷன் வகையின் பிளந்த பிக்கப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. மேடையில் நிற்கும் திசையை மாற்றிப் பாருங்கள், 90 பாகை திரும்பினாலே சில இடங்களில் பாதி குறையும். வண்ண விளக்குகளின் டிம்மர் ஓடும் அதே லைனில் ஆம்ப்பைச் சொருகினால் 'ஜ்ர்ர்' என்று கூர்மையான இரைச்சல் வரும். விளக்குக்கு ஒரு லைன், ஒலிக்கு ஒரு லைன் கேளுங்கள்.

வால்யூமைப் பூஜ்யமாக்கியும் நிற்கவில்லை என்றால் கேபிளையும் அடாப்டரையும் பாருங்கள். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி ஒயரில் ஐந்தாறு பெடல்களுக்குக் கொடுத்திருந்து, அதில் ஒன்று டிஜிட்டல் என்றால், அதன் கீச்சு ஒலி கம்ப்ரஸருக்குள் நுழையும். கம்ப்ரஸரை மட்டும் ஒரு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் தனித்தனி வழியுள்ள பவர் சப்ளை வாங்குவதுதான் தீர்வு.

ஹம் போகவில்லை என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், டேப் சுற்றுவதும் பல மேடைகளில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரத் தரையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், கையில் உலோகக் கம்பிகளோடு நிற்கிறீர்கள். எர்த் இல்லாத ஆம்ப்பில் ஒரு கசிவு வந்தால் அது உங்கள் உடல் வழியாகத்தான் இறங்கும். பாடகரின் மைக்கை உதடு தொட்டதும் சுரீர் என்கிறதா, உடனே வாசிப்பை நிறுத்துங்கள். மிக்ஸருக்குப் போகும் வழியில் ஹம் வந்தால் டிஐ பாக்ஸில் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) உள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச்சைப் போடுங்கள். அது ஒலி ஒயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், ஆம்ப்பின் பாதுகாப்பு எர்த்தைத் தொடாது.

இனி கரமுர. ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் பக்கம் காற்றே நனைந்திருக்கும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அந்தத் தொல்லை வடகிழக்குப் பருவத்தில். ஈரமும் தூசும் நாப்பின் உள்ளே இருக்கும் கரித்தடத்தில் படிந்தால் திருகும்போது சத்தம் வரும்; ஜாக்கின் உலோகத்தில் படிந்தால் ஒலி விட்டுவிட்டு வரும். பவரைக் கழற்றி, பின்தட்டைத் திறந்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை நாப்பின் உடலில் உள்ள சிறு திறப்பு வழியாக ஒரே ஒரு சிறு பீய்ச்சல் விட்டு, இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள். கால் மணி நேரம் உலரவிட்டுப் பிறகு பவர் கொடுங்கள். துருவுக்கு அடிக்கும் மசகு எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அந்த எண்ணெய்ப் படலம் அடுத்த மழைக்குள் இன்னும் தூசைப் பிடித்துக்கொள்ளும். ஜாக்குக்கு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சி போதும்.

குளிரில் வண்டியில் கிடந்த பெட்டியைக் கூட்டம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் மண்டபத்தின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். அரை மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

கொடைக்கானல் வாசகி: ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கல் சுவர், 23 அடி அகலம். ஈ கம்பியின் 3-ஆம் ஃபிரெட்டும், திறந்த டி கம்பியும் மட்டும் கும்மென்று முழங்குகின்றன. கம்ப்ரஸரைக் கூட்டினாலும் அடங்கவில்லை. நீண்ட நோட்டுகள் அலை போல ஏறி இறங்குகின்றன. மிக்ஸர் பார்ப்பவரும் தன் பக்கம் கம்ப்ரஸர் போட்டிருப்பதாகச் சொல்கிறார்.

அந்த இரண்டு நோட்டுகளை முழக்குவது உங்கள் ஆலயத்தின் சுவர்கள், அக்கா. 23 அடி என்றால் சுமார் 7 மீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. அதை அகலத்தின் இரு மடங்கான 14-ஆல் வகுத்தால் 24.5 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளில் எல்லாம் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி தேங்கி நிற்கும்: 49, பிறகு 73.5. நீங்கள் எழுதிய ஜி நோட் 49, திறந்த டி 73.4. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

கம்ப்ரஸருக்குத் தெரிவது கேபிளில் வரும் ஒலி மட்டும். கேபிளில் அந்த நோட்டுகள் மற்றவற்றைப் போலவேதான் இருக்கின்றன. அதனால் அது அவற்றைத் தனியாக அடக்காது. ஸ்பீக்கர் பெட்டி மூலையில் இருந்தால் முதலில் அதை எடுங்கள். மூலை எல்லாத் தேக்கத்தையும் ஊட்டி வளர்க்கும் இடம். பக்கச் சுவரிலிருந்து 1.2 மீட்டருக்கும் 1.75 மீட்டருக்கும் இடையே நகர்த்தி நகர்த்தி வாசித்துப் பாருங்கள். இந்த இரண்டு தேக்கங்களும் அங்கே மிகக் குறைவாகத் தூண்டப்படும். மீதி இருப்பதை, மிக்ஸரில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், 50-லும் 73-லும் குறுகலாக 3, 4 டெசிபல் குறைத்துச் சரிசெய்யலாம்.

நோட் ஏறி இறங்குவதற்குக் காரணம் இரண்டு கம்ப்ரஸர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்வது. இரண்டும் 4:1 என்றால், இரண்டின் எல்லையையும் தாண்டிய நோட்டுக்கு மொத்த அழுத்தம் 16:1. ரிலீஸ் நேரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இழுபடும். ஒருவர்தான் வேலை செய்ய வேண்டும் என்பதில்லை, ஆனால் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் பெடலில் 3:1, 3 டெசிபல் குறைப்பு, அவர் பக்கம் 2:1, 2 டெசிபல். பாமாலைப் பாட்டுகளில் நோட் நான்கு அடி நீள்வதால் உங்கள் ரிலீஸை 300 முதல் 400 வரை ஏற்றுங்கள். ஆராதனைக்கு முன் ஒரு பாட்டை இருவரும் சேர்ந்து சோதியுங்கள். அப்போது ஆலயம் காலியாக இருக்கும். மக்கள் நிறைந்ததும் மேல் ஒலிகள் உடைகளில் உறிஞ்சப்பட்டு மங்கும், 49 ஹெர்ட்ஸ் பெரிதாக மாறாது. அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

தாண்டிக்குடி வாசகர்: பேட்டரியில் ஓட்டலாமா? 18 வோல்ட் கொடுத்தால் ஒலி இன்னும் தெளிவாகும் என்கிறார்களே?

9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் பல கம்ப்ரஸர்கள் ஓடும். இரவு மேடையின் குளிரில் அதன் வலு சீக்கிரம் இறங்கும், உதிரி ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்திருங்கள். வாசிக்காதபோது இன்புட் ஜாக்கிலிருந்து கேபிளை உருவிவிட வேண்டும். பெரும்பாலான பெடல்களில் கேபிளைச் சொருகுவதுதான் பேட்டரியை இணைக்கும் சுவிட்ச். பெடல் ஆஃபில் இருந்தாலும் கேபிள் உள்ளே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

18 வோல்ட் தாங்கும் என்று பெடலின் மேலோ கையேட்டிலோ அச்சிட்டிருந்தால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் உள்ளே உள்ள கபாசிட்டரோ ஐசியோ போய்விடும். அடாப்டரில் நடுமுனை நெகட்டிவா என்று பார்த்து வாங்குங்கள். பெடல்களில் அதுவே வழக்கம். கீபோர்டு அடாப்டர்கள் சில அதற்கு நேர்மாறு.

அருவங்காடு வாசகர்: ஆள்காட்டி விரல் ஓங்கியும் நடுவிரல் தாழ்ந்தும் விழுகிறது. கம்ப்ரஸர் இதைச் சரிசெய்யுமா?

2, 3 டெசிபல் வித்தியாசம் என்றால் மறைக்கும். அதற்கு மேல் என்றால் நடுவிரலின் தட்டல் மந்தமாகவே கேட்கும், சத்தம் மட்டும் சமமாகும். பிராக்டிஸ் செய்யும்போது பெடலை ஆஃபில் வையுங்கள். 60 வேகத்தில் மெட்ரோனோம் போட்டு, ஒரே கம்பியில் இரண்டு விரலையும் மாற்றி மாற்றி அடித்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த விரல் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்ததும் வேகத்தை ஏற்றலாம்.

வெலிங்டன் வாசகர்: கம்ப்ரஸர் இருந்தால் ஸ்பீக்கர் கிழியாது என்பது உண்மையா?

பாதி உண்மை. ரேஷியோ 10:1-க்கு மேல் போனால் அது லிமிட்டர். ஸ்லாப்பில் திடீரென எழும் உச்சிகளை அது பிடித்துவிடும், கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) எல்லை மீறிப் பாய்வது குறையும். ஆனால் உச்சியை வெட்டிவிட்டு லெவலை ஏற்றும்போது சராசரி ஆற்றல் கூடுகிறது. கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் சூடாவது அந்தச் சராசரியால்தான். கம்ப்ரஸர் போட்ட தைரியத்தில் ஆம்ப்பை இன்னும் இரண்டு கோடு ஏற்றினால், கோன் தப்பித்து காயில் கருகும்.

ஸ்பீக்கர்மேல் கவலை என்றால் 30 முதல் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இதைவிட அதிகம் உதவும். நான்கு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த நோட்டே 41 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே இருப்பது கை கம்பியில் உரசுவதும் கட்டைவிரல் பிக்கப்பில் மோதுவதும். சத்தமாகக் கேட்காத அந்த அசைவுகளுக்கே கோன் மிக அதிகமாக முன்னும் பின்னும் ஓடுகிறது. ஃபில்டரைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைத்தால், அந்த மோதல்களுக்கெல்லாம் கம்ப்ரஸரும் வீணாக அழுத்தாது.